மொச்சைக்கு மத்தியானச் சோறு

மொச்சை என்கிற நாய்க்கு இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று, அதை வளர்க்கிற மங்கலத்தின் வீடு. இன்னொன்று, இடுப்பளவுச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் மலர்க்கொடியின் வீடு. இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு கடலூர்க் கடற்கரையின் அந்தத் தெருவுக்கு வந்தவர்கள். இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நாய்க்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. மங்கலம் மீன் கூடையோடு மார்க்கெட்டுக்குக் கிளம்பியதும் சுவரைத் தாண்டி இங்கே வந்துவிடும்.

மங்கலத்தின் மகள் சிந்துஜா சிதம்பரத்தில் விவசாயம் படிக்கிறாள். ஹாஸ்டல் வாசலில் மழையில் நனைந்துகொண்டு கிடந்த குட்டியைத் தூக்கிவந்து அம்மாவிடம் விட்டுப்போனது அவள்தான். வெள்ளை உடம்பில் மொச்சைக்கொட்டை மாதிரிப் பழுப்புப் புள்ளிகள். பார்க்க லட்சணமான நாய், ஆனால் வயிறு சரியில்லை. மாதத்தில் பாதி நாள் கழிச்சல். வெறும் வயிற்றில் மஞ்சள் நுரையாக வாந்தி. பூச்சி மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. கடலூரில் பார்த்த கால்நடை டாக்டர், இதன் குடல் ரொம்ப மென்மையானது, மருந்தைவிடச் சாப்பாட்டில்தான் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். குழைய வடித்த சோறு, தோல் நீக்கி வேகவைத்த கோழி, கொஞ்சம் பரங்கிக்காய். உப்பு, எண்ணெய், மசாலா, பால், கருவாடு எதுவும் ஆகாது.

மங்கலம் அதை அப்படியே செய்தாள். ஆனாலும் கழிச்சல் போவதும் வருவதுமாக இருந்தது. எங்கே தவறுகிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

டாக்டர் சொன்னது மலர்க்கொடிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து காதில் விழுந்ததுதான். "மீனு உனக்கு இல்லடா. பேசாம இதத் தின்னு." மீன் விற்கிற வீட்டில் நாய்க்கு ஒரு மீன்தலைக்குக் கூட வழியில்லையா என்று நினைத்துக்கொண்டாள். உப்பில்லாத சோற்றை நக்கிவிட்டு வந்து, தன் வாசலில் தலையை முன்கால்மேல் வைத்துப் படுத்திருப்பதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. அவள் மகன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான். கணவன் செம்பியன் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. சமைத்தால் உட்கார்ந்து சாப்பிட ஆளில்லாத வீட்டில், நாய் ஒன்று வாலாட்டிக்கொண்டு வந்து நின்றது. பால்சோறு, பொறை ரொட்டி, வறுத்த நெத்திலி என்று கையில் இருந்ததைப் போட்டாள். அது தின்று முடித்து அவள் புடவையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு போகும்.

அந்தச் சனிக்கிழமை பக்கத்துத் தெருவில் காதுகுத்து. விருந்து முடிந்து அண்டாவின் அடியில் கிடந்த ஆட்டுக் கொழுப்பை ஒரு கிண்ணத்தில் வாங்கிவந்து மொச்சைக்குப் போட்டாள். நாய் கிண்ணத்தைத் தரையோடு தள்ளித் தள்ளி நக்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் மங்கலத்தின் குரல் கேட்டது. அது யாரையும் கூப்பிடும் குரலாக இல்லை. "ஐயோ, ஐயோ" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மலர்க்கொடி எட்டிப் பார்த்தாள். மொச்சை முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. படுக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. முற்றமெல்லாம் வாந்தி. ஒவ்வொரு முறை குமட்டும்போதும் அதன் விலா எலும்புகள் உள்ளே போய்த் திரும்பின. மங்கலத்தின் கணவர் சாமிக்கண்ணு கடலுக்குப் போயிருந்தார். மங்கலம் போனைக் காதில் வைத்துக்கொண்டு மகளிடம் அழுதுகொண்டிருந்தாள்.

"இங்க டாக்டரு போன எடுக்கலடி. ஞாயித்துக்கெழம. நான் என்னா பண்ணுவேன்?"

சிதம்பரத்தில் தனக்குத் தெரிந்த டாக்டர் சார்லஸ் இருக்கிறார், எப்படியாவது கொண்டு வந்துவிடு என்று சிந்துஜா சொன்னது போனுக்கு வெளியே கேட்டது.

மலர்க்கொடி உள்ளே போய்த் தன் போனை எடுத்தாள். மீன் லோடு அடிக்கிற பக்கிரி அவள் வழியில் உறவு. கொஞ்ச நேரத்தில் அவனுடைய சின்ன யானை லோடு வண்டி தெருமுனையில் வந்து நின்றது. நாயைப் பழைய போர்வையில் சுற்றி மங்கலம் தூக்கினாள். ஒருத்தியால் தூக்க முடியவில்லை. போர்வையின் மறுமுனையை மலர்க்கொடி பிடித்துக்கொண்டாள். அப்படியே அவளும் வண்டியில் ஏறிவிட்டாள்.

முன்சீட்டில் பக்கிரிக்குப் பக்கத்தில் இருவரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நாயின் தலை மங்கலத்தின் மடியில், பின்பாதி மலர்க்கொடியின் மடியில். வண்டி முதுநகரைத் தாண்டி சிப்காட் வாசல்களைக் கடந்து ஆலப்பாக்கம் போகிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கவில்லை. பக்கிரி மட்டும் ஒவ்வொரு வேகத்தடையிலும் "மெதுவாத்தான் போறேன், மெதுவாத்தான் போறேன்" என்றான்.

நேற்றுப் போட்ட கொழுப்புதான் என்று மலர்க்கொடிக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வேண்டும் என்று நினைத்த ஒவ்வொரு முறையும் மாமனாரின் பதினாறாம் நாள் காரியம் கண்முன் வந்தது.

மாமனார் சடையப்பனுக்குச் சர்க்கரை நோய். கடைசி நாட்களில், காடாம்புலியூரிலிருந்து வந்த பலாப்பழத்தின் வாசனை பிடித்து, ஒரு சுளை கொடு என்று மலர்க்கொடியிடம் குழந்தை மாதிரிக் கேட்டார். அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அந்த வாரமே போய்விட்டார். சிறுநீரகம் எப்போதோ கெட்டுப்போயிருந்தது, பழத்தால் ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனால் காரியத்தன்று மொத்தச் சொந்தமும் உட்கார்ந்திருந்த பந்தலில், "ருசியா வாயில ஊட்டியே ஆள அனுப்பி வச்சிட்டா" என்று மங்கலம் சொன்னாள். அன்றைக்கு நின்ற பேச்சுதான். இப்போது இதையும் சொன்னால் என்ன வரும் என்று மலர்க்கொடிக்குத் தெரியும்.

சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் டாக்டரின் கிளினிக். சிந்துஜா வாசலிலேயே நின்றிருந்தாள். அம்மாவோடு சித்தியும் இறங்க, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஓடிவந்து போர்வையைத் தாங்கினாள்.

டாக்டர் நாயின் வயிற்றை மெல்ல அழுத்தினார். மொச்சை முனகியது.

"நேத்து என்ன சாப்பிட்டுச்சு?"

"சோறு, கோழி, பரங்கிக்கா. அவ்வளவுதான் சார்," என்றாள் மங்கலம். "டாக்டரு சொன்னதத் தவிர வேற ஒண்ணும் குடுக்கறதில்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. எலும்பு ஏதாவது முழுங்கி உள்ள சிக்கியிருந்தா ஆபரேஷன் வரைக்கும் போகணும். கொழுப்பு, எண்ணெய்ப் பண்டம்னா கணையம் வீங்கியிருக்கும், அதுக்கு வைத்தியம் வேற. எதுன்னு தெரிஞ்சா இப்பவே ஆரம்பிச்சிருவேன்."

"இல்ல சார், சத்தியமா..."

"நான்தான் போட்டேன்," என்றாள் மலர்க்கொடி.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் டாக்டரை மட்டும் பார்த்துப் பேசினாள். "ஆட்டுக் கொழுப்பு. ஒரு கிண்ணம் நெறைய. எலும்பு இல்ல, நானே கையால தடவிப் பாத்துட்டுத்தான் போட்டேன். அதுக்கு முன்னாடியும் தெனம் போடுவேன். பாலு, பொறை, வறுத்த நெத்திலி."

"எவ்வளவு நாளா?"

"அது வந்த நாள்லேருந்து."

டாக்டர் தலையாட்டினார். ஒரு ஸ்கேன் பார்த்துவிட்டு, எலும்பு எதுவும் இல்லை, கணையம்தான் என்றார். வலிக்கு ஊசி போட்டு, முன்னங்காலில் மயிரை மழித்து டிரிப் ஏற்றினார். இரண்டு மூன்று நாள் இங்கேயே இருக்கட்டும், பிழைத்துவிடும் என்றுதான் நினைக்கிறேன் என்றார்.

சிந்துஜா மருந்து வாங்கப் போனாள். வெளி வராந்தாவின் பெஞ்சில் ஒரு முனையில் மங்கலமும் மறுமுனையில் மலர்க்கொடியும் உட்கார்ந்தார்கள். மலர்க்கொடி தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தாள். வரப்போகிற வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

மங்கலம் புடவையில் ஒட்டியிருந்த நாய் மயிரை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

"மாமா மொதல்ல எங்கிட்டதான் கேட்டாரு," என்றாள் கடைசியில்.

மலர்க்கொடி நிமிர்ந்தாள்.

"பலாச்சுளை. ஒண்ணே ஒண்ணு குடு மங்கலம்னு கேட்டாரு. சுகரு ஜாஸ்தியாயிரும், குடுக்க மாட்டேன்னுட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. அதுக்கப்புறம் எங்கிட்ட அவரு சரியாப் பேசவே இல்ல. நீ குடுத்தேன்னு கேள்விப்பட்டப்ப எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். ஒங்கிட்ட சிரிச்சிக்கிட்டே போனாருன்னு." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதான் அன்னிக்கி பந்தல்ல அப்படிப் பேசிட்டேன்."

"டாக்டரு இதெல்லாம் கூடாதுன்னு சொன்னது எனக்குத் தெரியாதுக்கா," என்றாள் மலர்க்கொடி. "நீ பட்டினி போடறேன்னு நெனச்சேன்."

"நான் வந்து சொல்லியிருக்கணும். சொவத்துக்கு இந்தப் பக்கந்தான நிக்கறேன்."

சிந்துஜா மருந்துப் பையோடு திரும்பியபோது இருவரும் ஒரே டம்ளர் டீயை ஆற்றிப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

மொச்சையை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இருவரையும் நிற்கவைத்துச் சொன்னார். மொத்தமாக ஒரே வேளையில் போடக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக நான்கு வேளை. புதுசாக எதையாவது சேர்ப்பதானால் ஒரு கரண்டி, ஒரு வாரம் பொறுத்து இன்னொரு கரண்டி. கொழுப்பு மட்டும் ஆயுசுக்கும் வேண்டாம். மலம் எப்படிப் போகிறது என்று தினமும் பார்க்க வேண்டும்.

"காலையில நான் மார்க்கெட்டுக்குப் போயிருவனே சார். மத்தியானம் எப்படி?" என்ற மங்கலம், டாக்டர் பதில் சொல்வதற்குள் தானே திரும்பி, "மத்தியான வேள நீ போட்டுரு மலரு," என்றாள்.

மலர்க்கொடி சரியென்று தலையாட்டினாள்.

நாய்க்குச் சமைப்பது அவள் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. கொதிக்கிற பானையைக் கண்டால் கை தானாக உப்பு ஜாடிக்குப் போனது. இரண்டு தரம் போட்டுவிட்டு, அந்தச் சோற்றைத் தானே தின்றுவிட்டு மறுபடி வடித்தாள். கோழித்தோலை உரிக்கும்போது ருசியே இதில்தானே இருக்கிறது என்று மனசு அடித்துக்கொண்டது. வெந்த பரங்கிக்காயை விரலால் மசித்து, சூடு ஆறிவிட்டதா என்று புறங்கையில் வைத்துப் பார்த்துக் கொடுத்தாள். முதல் நாள் மொச்சை முகர்ந்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது. மற்றது எங்கே என்று கேட்கிற பார்வை. "இல்லடா கண்ணு. இதான்," என்றாள். அந்தச் சொல்லைச் சொல்ல மங்கலம் எவ்வளவு பாடுபட்டிருப்பாள் என்று அப்போதுதான் உறைத்தது.

டீக்கடைக்காரர் பொறையை நீட்டினால் மங்கலம் சத்தம் போட்டாள். தெருப் பிள்ளைகள் மிச்சர் பாக்கெட்டோடு வந்தால் மலர்க்கொடி விரட்டினாள். சாயங்காலம் மங்கலம் கூடையை இறக்கிவைத்ததும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து முதல் கேள்வி வரும்.

"எப்படிப் போச்சு?"

"காலையில கெட்டி. மத்தியானம் கொஞ்சம் எளக்கம்."

"நெறம்?"

"நல்ல நெறந்தாங்க்கா."

இதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட உட்காரும் செம்பியன், "வேற பேச்சே இல்லியா ஒங்களுக்கு?" என்பான். கொஞ்ச நாளில் வேறு பேச்சும் வந்தது. சிந்துஜாவின் பரீட்சை, ஓசூரில் மகனுக்குக் கிடைத்த ரூம், சாமிக்கண்ணுவின் முட்டிவலி.

மழைக்காலம் தொடங்கியபோது மொச்சைக்குச் சதை பிடித்திருந்தது. மயிர் பளபளத்தது. அப்போதுதான் ஒரு நாள் மத்தியானம், சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காமல் போய் மூலையில் வாந்தி எடுத்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீராகக் கழிந்தது. மலர்க்கொடி உள்ளே ஓடினாள். அரிசியில் எதுவும் இருந்ததா, கோழி பழசா, பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததா என்று ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தாள். எதுவும் பிடிபடவில்லை.

மங்கலம் திரும்பி வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். "அக்கா, நான் வேற எதுவும்..." என்று ஆரம்பித்தாள்.

மங்கலம் அவளைப் பார்க்கவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு வாந்தியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு குச்சியால் கிளறினாள்.

"செதிலு கெடக்கு பாரு. கரையில செத்த மீனத் தின்னுட்டு வந்திருக்கு எரும." நாயின் காதைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள். அது வாலை லேசாக அசைத்தது. "வலி இருக்கற மாதிரித் தெரியல. டாக்டருக்கு ஒரு போன் போட்டுருவோம். ராத்திரிக்கி ஒண்ணும் வேணாம், தண்ணி மட்டும் வையி. காலையில கஞ்சி. நீ காய்ச்சறியா, நான் காய்ச்சட்டா?"

"நானே காய்ச்சறேங்க்கா," என்றாள் மலர்க்கொடி.

வாந்தியின் மேல் மண் அள்ளிப் போட்டுவிட்டு மங்கலம் கை கழுவப் போனாள். மலர்க்கொடி டாக்டரின் நம்பரைத் தேடி அழுத்தி, அவர் எடுப்பதற்காக நாயின் முதுகைத் தடவிக்கொண்டே காத்திருந்தாள்.