குவாபெனா என்ற டிஸ்க்

குவாபெனா மூன்றாவது முறை செத்த காலையில் அம்போன்சா மாமா கஞ்சிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியின் மேல் காதை ஒட்டவைத்துக் கேட்டார். டிக், டிக். பிறகு மூச்சு வாங்குவதுபோல் ஒரு இழுப்பு. மறுபடி டிக், டிக்.

"போயிட்டான்," என்றார்.

குவாபெனா ஒரு ஹார்ட் டிஸ்க். மாமா எங்கள் குமாசி ஊரில் கல்யாணம், இழவு, பெயர்சூட்டு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுப்பவர். எடுத்ததையெல்லாம் எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் மூன்று டிஸ்குகளில் சேர்த்துவைத்திருந்தார். ஒன்று செத்தால், அதன் இடத்தில் மாட்டும் புதியதற்கு மற்ற இரண்டும் சேர்ந்து எல்லாவற்றையும் திருப்பி எழுதிக்கொடுத்துவிடும். இரண்டு செத்தால் எதுவும் மிஞ்சாது. எங்கள் வழக்கத்தில் பிறந்த கிழமைதான் பிள்ளையின் முதல் பெயர். மாமா டிஸ்குகளுக்கும் மாட்டிய கிழமையை வைத்தார். வெள்ளிக்கிழமை மாட்டியது கோஃபி, வியாழக்கிழமை மாட்டியது யா, செவ்வாய்க்கிழமை மாட்டியது குவாபெனா. செத்ததின் இடத்தில் எது வந்தாலும் அதுவும் குவாபெனாதான். பெயரை மாற்ற மாமாவுக்குச் சோம்பல்.

அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"அண்ணே, என் பிள்ளைங்க?"

"இருக்காங்க அஃப்ரியே. யா கொஞ்சம் இருமுறா, அவ்வளவுதான். ஓடிட்டுத்தான் இருக்கா."

எனக்கு முன் அம்மாவுக்கு மூன்று ஆண்பிள்ளைகள். மூன்றும் செவ்வாய்க்கிழமை பிறந்து, குவாபெனா என்றே பெயர் வாங்கி, பல் முளைக்குமுன் போய்விட்டன. ஒரே பிள்ளைதான் வந்து வந்து போகிறது என்று ஊரே சொன்னது. அப்படிப் போகிற பிள்ளைகளுக்கு யாரும் அழுவதில்லை, படமும் வைப்பதில்லை. பிறந்த எட்டாம் நாள் பெயர்சூட்டில் மாமா எடுத்த மூன்று வீடியோக்கள் மட்டும்தான் அம்மாவிடம் மிச்சம். வீடியோ நாடாக்கள் பூசணம் பிடித்துப் போனபின் அவை அந்தப் பெட்டிக்குள் மட்டுமே இருந்தன.

நாலாவதாக நானும் ஒரு செவ்வாய்க்கிழமைதான் வந்தேன். என்னையாவது தங்கவைக்க அம்மா என் கன்னங்களில் மும்மூன்று கோடுகள் கீறி, சுமினா என்று பெயர் வைத்தாள். குப்பைமேடு என்று அர்த்தம். குப்பைமேட்டைத் தேடி யார் வருவார்கள்? நான் தங்கிவிட்டேன். பள்ளிக்கூடத்தில்தான் அந்தப் பெயரோடு தங்க முடியவில்லை.

மாமா அந்த மூன்று வீடியோக்களை மட்டுமாவது பென்டிரைவில் எடுத்துவைக்கப் பார்த்தார். ஊரார் கல்யாணங்களும் இழவுகளும் ஒழுங்காக வந்தன. அந்த மூன்றைத் தொட்டால் மட்டும் பெட்டி உறைந்து நின்றது.

"புது டிஸ்க் மாட்டி, யா போறதுக்குள்ள எழுதி முடிச்சாகணும்," என்றார். என்னையும் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். நான் முக்காட்டை இழுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டேன்.

பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் அல்ஹசன், மாமாவைப் பார்த்ததுமே சிரித்தான். "என்ன பெரியவரே, மறுபடியுமா? டிஸ்கை வறுத்துத் திங்கிறீங்களா?"

"உன் சரக்கு அப்படி. போன தடவை பழசுல ஓடின நேரக்கணக்கை அழிச்சு, புதுசுன்னுதானே குடுத்தே?"

"அய்யோ, நானா! இதைப் பாருங்க. காவல் கேமராவுக்குன்னே செஞ்சது. ராப்பகலா ஓடறதுக்கே பொறந்தது. உறை கூடப் பிரிக்கலை."

மாமா அதைக் காதருகே ஆட்டிப் பார்த்தார். எழுதிய தடத்தின் மேலேயே ஏறி எழுதி, திருப்பி எழுதும்போது திணறும் மலிவு வகை இல்லைதானே என்று ரெண்டு தரம் கேட்டார். வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தும் உடனே மாட்டவில்லை. தரையில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசுவதுபோல் என்னிடம் சொன்னார்.

"முதல் தடவை வயர்னு நினைச்சேன், மாத்தினேன். ரெண்டாவது தடவை கரண்ட்னு நினைச்சு யூ.பி.எஸ் வாங்கினேன். அப்புறம் அந்த இடமே சரியில்லையோன்னு கோஃபியைத் தூக்கி அங்க போட்டேன். அவன் ஜம்முனு ஓடறான். இவனைக் கோஃபி இடத்துல, கோஃபி வயர்ல மாட்டினேன். செத்தான். வேற கடை, வேற கம்பெனி டிஸ்க்கும் போட்டாச்சு. இன்னும் என்னதான் மாறலைன்னு தெரியலையே புள்ள."

"பேரு மாறலை," என்றாள் அம்மா கதவோரத்திலிருந்து.

மாமா சிரித்தார். "டிஸ்குக்குக் காது கிடையாதுடி."

"எட்டு நாள் பிள்ளைக்கு மட்டும் என்ன காது? கூப்பிட்ட பேரு அவனுக்கா கேட்டுச்சு? கேக்க வேண்டியதுக்குக் கேட்டுச்சு."

மாமா சிரிப்பை நிறுத்தினார்.

"சுமினான்னு வை," என்றாள் அம்மா.

"அது இவ பேரு."

"இவ தங்கிட்டா. வளந்துட்டா. இனிமே இவளுக்கு எதுக்கு அது? பள்ளிக்கூடத்துல அழுதவதானே."

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரு இருந்தா—"

"ரெண்டு பேருக்கு இல்லை. அதுக்கு மட்டும்."

மாமா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிறுத்தியிருப்பார். அந்தப் பெயரை நான் எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். ஆனால் அதைத் தவிர என் மேல் போர்த்திக்கொள்ள வேறெதுவும் கிடையாது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் டிஸ்கின் உறையைப் பிரித்துக் கொடுத்தேன்.

அம்மா சவர பிளேடு கொண்டுவந்தாள். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, என் கன்னத்தைப் பார்த்துப் பார்த்து, டிஸ்கின் மேல் ஒட்டியிருந்த தாளில் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று கோடுகள் கீறினாள். அவள் கீறும்போது என் கன்னத்தில் எரியவில்லை. குளிர்ந்தது.

மாமா மாட்டினார். பெயரைத் தட்டினார். மற்ற இரண்டும் அதற்குத் திருப்பி எழுதத் தொடங்கின.

மத்தியானம் கரண்ட் போனது. யூ.பி.எஸ் கீச்சிட்டுக்கொண்டே தாங்கியது. யா ஒருமுறை இருமினாள், அடங்கினாள். கதவருகே அம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு, "சுமினா, குப்பையே, நாத்தமே, உன்னை எவன் கேட்டான்," என்று தாலாட்டுப்போல் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குச் சொல்லி வளர்த்த அதே வார்த்தைகள். பொழுது சாயும்போது மாமா கையைத் தட்டினார். "முழுசும் ஏறிடுச்சு!"

மூன்று வீடியோக்களும் திறந்தன.

பெரியவர் ஒருவர் விரலால் பிள்ளையின் நாக்கில் நீர் வைக்கிறார், பிறகு சாராயம் வைக்கிறார். "தண்ணியைத் தண்ணின்னு சொல்லு. சாராயத்தைச் சாராயம்னு சொல்லு," என்கிறார். பிறகு "குவாபெனா" என்று கூப்பிடுகிறார். முதல் பிள்ளை இடது காதைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவதும் இடது காதைப் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவதும் அப்படித்தான். அம்மா திரையைத் தடவிக்கொண்டே சிரித்தாள், அழுதாள். நான் என் இடது காதிலிருந்து கையை மெல்ல இறக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்த டிஸ்கிலிருந்து ஒரு டிக் கூட இல்லை. இத்தனை அமைதியான டிஸ்கைத் தான் கண்டதே இல்லை என்று மாமா கடைத்தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மறுநாள் காலை முற்றத்திலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"அபெனா!"

செவ்வாய்க்கிழமை பிறந்த பெண்ணுக்கு அதுதான் பெயர். இந்த வீட்டில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் குரல் அவ்வளவு இனிமையாக நான் கேட்டதும் இல்லை.

"அபெனா, கஞ்சி ஆறுதும்மா."

நான் போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன். அவள் குவளையை என்னிடம் நீட்டிவிட்டு, தன்னுடையதை எடுத்து ஊதத் தொடங்கினாள்.

"அபெனா."

அம்மாவின் உதடுகள் குவித்தபடி இருந்தன. ஊதிக்கொண்டிருந்தாள். அதே இனிமையான குரல் வாசலிலிருந்து வந்தது.

நான் அவள் முந்தியைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்து விலக்கினாள்.

"கூப்பிடறாங்கல்ல. போய் யாருன்னு பாரு."