இரண்டாவது ஆராதனை

எங்கள் ஆலயத்தில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆராதனைகள். ஆறு மணிக்கு ஒன்று, ஒன்பது மணிக்கு ஒன்று. ஆறு மணிக்காரர்கள் மற்றவர்களைச் சோம்பேறிகள் என்பார்கள். ஒன்பது மணிக்காரர்களோ, "அங்க பிரசங்கம் சின்னது, அதுக்குத்தான் விடியறதுக்குள்ள ஓடுறாங்க" என்பார்கள். யார் எதற்காக எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். நான் இரண்டுக்கும் போகாமலிருக்க வழி கண்டுபிடித்த மகராசி.

வழி ரொம்பச் சுலபம். பதினோரு வருடம் ஆறு மணிக்குப் போனவள், "மருந்துக்கடையில வாரம் பூரா நிக்கிறேன், விடியக்காலையில எழுந்திருக்க முடியல, இனி ரெண்டாவதுக்குப் போறேன்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஒன்பது மணிக்காரர்களுக்கு என்னைத் தெரியாது. தெரியாதவளை யார் தேடப் போகிறார்கள்? ஞாயிறு பத்து மணிவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். சந்திப்புக் குழு, பெண்கள் கூடுகை, பாடற்குழு எல்லாவற்றுக்கும் ஒரே முழுக்கு. அப்பாடா என்றிருந்தது.

குட்டையைக் குழப்பியது பட்டன் அக்கா. சலவைக்கடைக்கு வீட்டிலிருந்தே பட்டன் தைத்துக் கொடுப்பவள், தனிக்கட்டை. பதினோரு வருடமும் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் பாட்டுப் புத்தகத்தில்தான் எட்டிப் பார்த்துப் பாடினாள்.

"நீ இல்லாம அங்க எனக்கு என்னடி இருக்கு? நானும் ஒன்பதுக்கே வந்துடறேன்" என்றாள்.

அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். "வாங்கக்கா, ஜோரா இருக்கும்" என்று பல்லைக் காட்டினேன்.

முதல் வாரம் போன் செய்தாள். "உனக்கு இடம் போட்டு வச்சிருந்தேனே, எங்கடி போனே?"

"லேட்டாயிடுச்சுக்கா. மாடியில உட்கார்ந்துட்டேன்."

அடுத்த வாரம் தொண்டைவலி என்றேன். மூன்றாவது வாரம் அவள் கேட்கவில்லை. நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க!

ஐந்தாவது ஞாயிறு மதியம் செயலர் அம்மாவின் போன் வந்தது. ஆறு மணி ஆராதனையின் சந்திப்புக் குழுவை நடத்துகிறவர் அவர். சொல்லாமல் ஒருவர் வராவிட்டால் நோட்டில் குறித்து, அன்று மாலையே அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிடுவார். அந்தத் தொல்லைக்குப் பயந்துதான் நான் அத்தனை ஜாக்கிரதையாகச் சொல்லிவிட்டு விலகினேன்.

"பட்டன் நேத்துலேர்ந்து போனை எடுக்க மாட்டேங்கிறாளே. இன்னிக்கு ஒன்பது மணிக்கு வந்தாளா? இல்லேன்னா சாயங்காலம் போய் எட்டிப் பார்த்துடறோம்."

நான் தூங்கி எழுந்த முகத்தோடு, பல்கூடத் துலக்காமல் நின்றிருந்தேன். பார்க்கவில்லை என்றால், 'ஏன், நீ போகலையா?' என்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து வாய் தானாகச் சொன்னது: "வந்தாங்களேம்மா. என் பக்கத்துலதான் இருந்தாங்க. நல்லாத்தான் இருக்காங்க."

"அப்போ சரி. நிம்மதி" என்று வைத்துவிட்டார்.

பட்டன் அக்கா சனிக்கிழமை மதியமே குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தாள். இடுப்பெலும்பு முறிவு. தைத்த சட்டைகளை எடுக்கத் திங்கள் மாலை வந்த சலவைக்கடைக்காரர்தான் முனகல் கேட்டுக் கதவை உடைத்தார். இரண்டு நாள் ஈரத்தரை. இனி ஊன்றுகோல் இல்லாமல் நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொன்னதாக அவரே என்னிடம் சொல்லி அழுதார். நான் கணக்குப் போட்டேன். ஞாயிறு மாலைக்கும் திங்கள் மாலைக்கும் நடுவே ஒரு முழு நாள். அந்த நாளை அவளுக்குக் கொடுத்தது நான்.

செவ்வாயன்று மருத்துவமனைக்குப் போனேன். செயலர் அம்மா ஏற்கெனவே கட்டிலருகே இருந்தார்.

"ஞாயித்துக்கிழமை உன்னை ஆராதனையில பார்த்ததா இவ சொன்னாளே, எப்போடி விழுந்தே?" என்று அவர் அக்காவைக் கேட்டார்.

அக்கா முதலில் என்னைப் பார்த்தாள். உதடெல்லாம் வெடித்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை. ஆராதனை முடிஞ்சு வந்து, கை கால் கழுவப் போனேன்."

"அதான், நீ பார்த்தப்போ நல்லாத்தான் இருந்திருக்கா" என்று அவர் என் பக்கம் திரும்பினார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேனே, பாவி!

அவர் கிளம்பிப் போனதும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். அக்கா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"போன் அடிச்சதெல்லாம் கேட்டுச்சுடி, எட்டத்தான் முடியல" என்றாள் மெதுவாக. "நீ அங்க வர்றதில்லேன்னு எனக்கு மூணாவது வாரமே தெரியும். மாடியில ஏறிப் பார்த்துட்டேன்."

"அப்புறம் ஏன்க்கா..."

"நீயா சொல்வேன்னு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பழையபடி ஆறு மணிக்கே போயிருப்பேனே. அங்க என்னைத் தேட ஆள் இருந்துச்சு."

எழுந்தேன். "எங்கடி போறே? விடு, நான்தான் சொல்லிட்டேன்ல" என்றாள். நிற்கவில்லை. வராந்தாவின் கோடியில் செயலர் அம்மா லிஃப்டுக்காகக் காத்திருந்தார்.

"அம்மா, அக்கா விழுந்தது சனிக்கிழமை. நான் அவங்களைப் பார்க்கவே இல்ல. நான் ஆராதனைக்கே போறதில்ல."

லிஃப்ட் வந்து, திறந்து, மூடிக்கொண்டது. அவர் ஏறவில்லை.

"அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வேற வீட்டுக்கு ஜெபிக்கப் போனோம்" என்றார். "அவ வாசல் வழியாத்தான்டி நடந்து போனோம்."