வாசிக்காத மன்னிப்பு

"மூணே வரிதான். வாசிச்சுட்டுத் தலை குனிஞ்சா எல்லாம் முடிஞ்சு போச்சு" என்றபடி தொகுயாமா ஒரு தாளைத் தாழ்வான மேசைமேல் நகர்த்தி வைத்தார்.

சிஹாரு அதைத் தொடவில்லை. அவளுடைய அம்மா ஹருயோ வைத்த தேநீரை அவரும் தொடவில்லை. நடிகர் நடிகைகளை ஒப்பந்தத்தில் வைத்து நடத்தும் பெரிய டோக்கியோ நிறுவனம் ஒன்றின் தலைவர், ஒசாகா பக்கத்து அமகசாகியில் பள்ளிச் சமையல்காரி ஒருத்தியின் வீடு தேடி வந்து தரையில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் விஷயம் சின்னதாக இருக்க முடியாது.

போன வாரம் ஒரு பத்திரிகையில் படம் வந்திருந்தது. ரயில் தண்டவாளம் பழுது பார்க்கும் ஓகாதா என்ற பழைய பள்ளித் தோழனின் கையைப் பிடித்துக்கொண்டு சிஹாரு நடந்து போகிறாள். அவ்வளவுதான் குற்றம். நடிகை காதலிக்கக் கூடாது என்பது நிறுவனத்தின் சட்டம்.

"வாசிச்சுடுடீ. பத்து வருஷப் பாடு வீணாப் போயிடும்" என்று ஹருயோ கெஞ்சினாள்.

"நான் என்னம்மா திருடிட்டேன்?"

தொகுயாமா குரலை உயர்த்தவில்லை. "கட்டாயமில்லை. விலகிக்கலாம். ஆனா வெளியே போனா குசாகா சிஹாருங்கிற பேர்ல எங்கயும் நடிக்க முடியாது. அந்தப் பேர் எங்களுது."

"ஐயா, அது நாங்க பெத்து வச்ச பேருங்க!"

"ஒப்பந்தத்துல முத்திரை குத்தினதும் நீங்கதானேம்மா."

குத்தியவள் அவள்தான். அப்போது மகளுக்குப் பதினாலு வயது. சந்தோஷத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல், கையெழுத்துக்குப் பதில் வைக்கும் குடும்ப முத்திரையைக் குத்தினாள்.

"இன்னொண்ணு" என்றார் எழுந்துகொண்டே. "நாளைக்கு நிருபர்கள் முன்னாடி நீங்களும் பக்கத்துல நிக்கணும். 'அப்பன் இல்லாத பிள்ளை, என் வளர்ப்பு சரியில்லை'ன்னு சொல்லிக் குனிஞ்சா ஜனங்க மனசு இரங்கும்."

அவர் போன பிறகு ஹருயோ ஆறிப்போன தேநீரைத் தொட்டியில் கொட்டினாள்.

மறுநாள் பிற்பகல், ஒசாகாவில் ஒரு ஓட்டல் கூடம். எதிரே இருபது கேமராக்களுக்குமேல் இருக்கும். சிஹாரு தாளைப் பிரித்தாள். அதை வாசிக்காமல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஹருயோ அந்தத் தாளை மெல்ல உருவி, நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"உனக்குத் தோணுறதைச் சொல்லு" என்றாள்.

சிஹாரு நிமிர்ந்தாள். "நான் ஓகாதாவை விரும்புறேன். அதுக்கு யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க மாட்டேன். என் அம்மாவும் கேக்க மாட்டாங்க."

கூடத்தின் பின்சுவரில் சாய்ந்திருந்த தொகுயாமா நிமிர்ந்து நின்றார், வேறொன்றும் செய்யவில்லை. கேமராக்களின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கேள்வி கேட்கக் கையைத் தூக்கிய ஒரு இளம் பெண் நிருபரின் தோளை அழுத்தி உட்கார வைத்தார் அவளுடைய மேலதிகாரி. தொகுயாமாவின் நட்சத்திரங்கள் இல்லாமல் அங்கே வந்திருந்த எந்தத் தொலைக்காட்சியும் ஒரு மாலைப்பொழுதைக்கூட ஓட்ட முடியாது.

அன்று ஏழு மணிச் செய்தியில் சிஹாருவின் குரல் வரவில்லை. சிரித்த முகமாய் ஒரு பழைய படம் மட்டும் வந்தது. "நடிகை குசாகா சிஹாரு உடல்நலக் குறைவால் காலவரையின்றி ஓய்வெடுக்கிறார். ரசிகர்களுக்குக் கவலை தந்ததற்கு நிறுவனம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது." சேனலை மாற்றினாள் ஹருயோ. அங்கும் அதே வாசகம், எழுத்துப் பிசகாமல்.

பொரித்த மீனோடு இரண்டாவது கிண்ணம் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சிஹாரு, குச்சிகளை அப்படியே கீழே வைத்தாள்.

காலையில் அடுத்த வீட்டு மொரிவாக்கி அம்மாள் பீச் பழங்களோடு வாசலில் நின்றாள்.

"டிவியில சொன்னாங்களே, ஐயோ பாவம். பொண்ணுக்கு எத்தனை நாளா உடம்பு சரியில்லை?"

ஹருயோ பழங்களை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"பத்து வருஷமாங்க. நேத்து மதியம்தான் குணமாச்சு."