காவல் கோழி

ஆம்ப்ரோஸ் எழுந்தான். தண்ணீர் வைத்தான். பல் தேய்த்தான். காப்பியைக் கலந்து நின்றபடியே குடித்தான். ரேடியோவைப் போடவில்லை. கீழே இறங்கியதும் பூக்கடைக்காரர், "பசியாறிட்டீங்களா தம்பி?" என்றார். ஆச்சு என்றான். ஆகவில்லை. மனைவி உர்சுலா இறந்த பிறகு இந்த மாதிரிப் பதில்கள் அவனுக்குச் சிரமமில்லாமல் வந்தன. பேச்சைச் சீக்கிரம் முடித்துவைத்தன.

அன்று அவன் ஊருக்கு வெளியே, பண்ணைகள் இருக்கும் லிம் சூ காங்குக்குப் போக வேண்டியிருந்தது. சாகுல் ஹமீதின் பண்ணையில் உள்ள கோழிகள் அத்தனையையும் கொன்று புதைக்க வேண்டும் என்று அவரிடம் சொல்ல வேண்டும். அவன் வேலை பார்த்த கால்நடை ஆய்வுக்கூடத்து வேனில் டிரைவர் வழியெல்லாம் பந்தாட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். ஆம்ப்ரோஸ் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டடங்கள் முடிந்து ரப்பர் மரங்கள் வந்தன.

தடுப்பூசி போட்ட கோழியின் ரத்தமும் வெள்ளைக் கழிச்சல் நோய் கண்டு பிழைத்த கோழியின் ரத்தமும் சோதனையில் ஒன்றுபோலவே தெரியும். இரண்டிலும் எதிர்ப்புச் சக்தி இருக்கும். அது ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று ரத்தம் சொல்லாது. அதனால் கொட்டகைக்குச் சில கோழிகளை ஊசி போடாமல் விட்டு, காலில் சிவப்பு வளையம் மாட்டிவைப்பார்கள். அவற்றின் ரத்தத்திலும் அந்தச் சக்தி தென்பட்டால், கிருமி உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கோழிகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. பண்ணைக்காரர்களுக்குப் புரியட்டும் என்று ஆம்ப்ரோஸ் அதைக் காவல் கோழி என்று தமிழாக்கியிருந்தான். கல்லூரியில் படித்தவனுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சாகுல் ஹமீது செய்தியைக் கேட்டுவிட்டு ஒரு தீவனச் சாக்கின்மேல் உட்கார்ந்தார்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

"ஒண்ணுகூடத் தும்மல லா. கழிச்சலும் இல்ல."

"ஊசி போட்டிருக்கிறதால வெளிய தெரியாம இருக்கலாம். காவல் கோழிங்க ரத்தத்துல தெரியுது."

அவருடைய மனைவி ஹலீமா தீவன வாளியோடு வாசலில் நின்றிருந்தாள். "தெரியாம என்ன செய்யும்? அதுங்களுக்கும் நான் போட்டேனே," என்றாள்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"போடக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே அக்கா."

"சொன்னீங்க. காவல் கோழின்னும் நீங்கதான் சொன்னீங்க. உள்ள இருக்கிறவனுக்குக் குடையக் குடுத்துட்டு, காவலுக்கு நிக்கிற ஜாகாவை மழையில நிக்கவைப்பாங்களா? படிச்சவங்க ஏதோ மறந்து சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"எனக்குச் சோறு போட மறந்திருக்கா, தம்பி," என்றார் சாகுல் ஹமீது. "கோழிக்கு மறந்ததே இல்ல." அவர் சிரிக்கவில்லை.

பண்ணை போகப்போகிறது என்று தெரிந்ததும் எல்லோரும் சொல்வதுதான் இது. போன வருஷம் இன்னொரு பண்ணையில் இதையே சொன்னார்கள். நம்பிக் காத்திருந்ததில் நோய் பக்கத்துப் பண்ணைக்கும் போனது. ஆனால் அவர்கள் அழுதபடி, நன்றாகக் கோர்த்துச் சொன்னார்கள். ஹலீமா வாளியைக் கீழே வைக்காமல், கொஞ்சம் கோபமாகச் சொன்னாள்.

"எப்படிப் போட்டீங்க? நடந்ததை அப்படியே சொல்லுங்க."

"எப்படிப் போடறது? உங்க ஆளுங்க போனப்புறம் பாட்டில்ல மிச்சம் கெடந்துச்சு. மழை வேற. அடுப்புல ஆணம் கொதிக்குது, இவர் சந்தைக்குப் போயிட்டாரு. ஒவ்வொண்ணாப் புடிச்சுப் போட்டேன். அந்த நொண்டி மட்டும் சிக்கல. கூண்டுக்கு அடியில பூந்துக்கிச்சு. எனக்கு முட்டி வலி, குனிய முடியல. விட்டுட்டேன்." அவள் குரல் தாழ்ந்தது. "அதுக்குத்தான் மனசு கேக்கல."

ஆம்ப்ரோஸ் கொட்டகைக்குள் போனான். நொண்டிக் கோழி மூலையில் ஒற்றைக் காலில் நின்றது. பிடித்து வளையத்தின் எண்ணைப் பார்த்தான். சோதனையில் ஒரே ஒரு ரத்தம் சுத்தமாக வந்திருந்தது. கிருமி அதற்கு இன்னும் ஒட்டவில்லை போலிருக்கிறது என்று நினைத்து ஒதுக்கியிருந்தான். அதன் எண்தான் இது. ஒன்று சுத்தமாக இருந்ததை அவன் இவர்களிடம் சொல்லவே இல்லை.

பண்ணையின் தொலைபேசியில் மேலதிகாரியைக் கூப்பிட்டான்.

"ஒரு நொண்டிக் கோழியை நம்பச் சொல்கிறாய்," என்றார் அவர் ஆங்கிலத்தில்.

"அந்த அம்மாவை நம்பச் சொல்கிறேன். கோழியும் ஒத்துப்போகிறது."

வளையத்தின் எண்ணைக் கேட்டு, இரண்டு தடவை சொல்லச் சொன்னார் அவர். கடைசியில், ஊசி போடாத புதுக் கோழிகளை உள்ளே விட்டு இரண்டு வாரம் பார்க்கலாம் என்றார். அதுவரை ஒரு முட்டைகூட வெளியே போகக் கூடாது. புதுக் கோழி ஒன்றுக்கு ஒட்டினாலும் எல்லாம் போகும். பொறுப்பு ஆம்ப்ரோஸுடையது.

ஆம்ப்ரோஸ் இதைச் சொன்னதும் சாகுல் ஹமீது எழுந்து, ஊசியும் மருந்தும் இருந்த அலமாரியைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார். "இனி இவ கையில குடுத்தா நான் மனுஷனே இல்ல," என்று முணுமுணுத்துக்கொண்டே வெளிக்கேட்டை அடைக்கப் போனார்.

ஹலீமா ஆம்ப்ரோஸுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவன் சட்டைக் கையில் குத்தியிருந்த கறுப்புத் துணியை அப்போதுதான் பார்த்தாள்.

"யாருக்கு தம்பி?"

"வீட்டுக்காரிக்கு. தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருச்சு."

"அல்லா. சின்ன வயசு." எதிரே உட்கார்ந்து கேட்டாள். "கூட இருந்தீங்களா? கடைசியா ஏதாச்சும் பேசிச்சா?"

மாதா கோயிலில் எல்லோருக்கும் அதற்கு விடை தெரியும். மாதாவே என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள் என்று அவன் மாமியார் அல்போன்சம்மாள் பூசை முடிந்து ஒவ்வொருவரிடமும் சொன்னார். சாமியாரும் அதைப் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார். வீட்டில் அப்போது அவன் ஒருவன்தான் இருந்தான். அவனை யாரும் கேட்கவில்லை.

அவன் தேத்தண்ணியைப் பார்த்தான். ஆடை கட்டியிருந்தது.

"வேலை விட்டுப் போனேன். தலைவலின்னு படுத்திருந்தா. பக்கத்துல போய் உக்காந்தேன்."

கொட்டகையில் கோழிகள் தகரத்தைக் கொத்திக்கொண்டிருந்தன.

"'கோழி நாத்தம் அடிக்குது, போய்க் குளிச்சிட்டு வாங்க'ன்னா."