மூன்று பேருக்கு அனுமதி

ஐந்தே முக்காலுக்கு டெஸ்மண்ட் எழுந்தான். பல் தேய்த்தான். ஓட்ஸை மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்து எடுத்து, நின்றபடியே தின்றான். சட்டையின் காலருக்கும் முன்பக்கத்துக்கும் மட்டும் இஸ்திரி போட்டான். மீதியைக் கோட்டு மறைத்துவிடும். செவ்வாய்க்கிழமை, தெரு கூட்டும் வண்டி வீட்டுப் பக்கம் வருகிற நாள். கீழே போய்க் காரை எடுத்து எதிர்ப்பக்கம் நிறுத்தினான். சக்கரத்தில் ஈர இலைகள் அப்பியிருந்தன. கதவைப் பூட்டிவிட்டு மெட்ரோவுக்கு நடந்தான்.

செலவு மசோதா நிறைவேறாமல் அரசு முடங்கி அன்று இருபத்தெட்டாவது நாள். அவன் மனைவி பெத்தனி இறந்து பதினான்காவது நாள். இரண்டையும் அவன் வேண்டுமென்று எண்ணிக்கொண்டிருக்கவில்லை. அலுவலகத் தொலைக்காட்சி முதல் எண்ணைத் திரையின் மூலையில் போட்டுக்கொண்டே இருந்தது. அன்று அதில் பாதி இரண்டாவது எண்.

பிரதிநிதிகள் அவை உறுப்பினர் லோரேன் விட்காம்பிடம் அவன் வேலை பார்த்தான். ஆறு வருடம். உரை எழுதுவது, மசோதா படிப்பது, தொகுதி மக்களின் தொலைபேசிக்குப் பதில் சொல்வது. பென்சில்வேனியாவில் அவருடைய தொகுதி இரண்டு கட்சிக்கும் ஏறக்குறைய சரிபாதி. அதனால் அவருக்கு மிதவாதி என்று பெயர். பெரும்பான்மைக் கட்சியில் அவரைப் போல இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். ஐவரும் செவ்வாய்தோறும் ஒன்றாகக் காலை உணவு சாப்பிட்டார்கள். நாட்டைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். முட்டை ஆறுவதற்குள் கவலை முடிந்துவிடும்.

ஒன்பது ஐந்துக்குத் தொலைபேசி அடித்தது. ராய் பியாசெக். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். தினமும் அதே நேரத்துக்கு அழைப்பார். அவர் மகள் டாரியாவுக்கு இருபத்து நான்கு வயது. இரத்தப் புற்று. மேரிலாந்தில் அரசு ஆராய்ச்சி மருத்துவமனை ஒன்றில் புதிய சிகிச்சைக்கு அவள் பெயர் பட்டியலில் இருந்தது. அரசு திறக்கும்வரை புதிய நோயாளிகளைச் சேர்க்க மாட்டார்கள்.

அதே பட்டியலில் பெத்தனியின் பெயரும் இருந்தது. அக்டோபர் ஆறாம் தேதி அவள் மருத்துவமனையில் சேர வேண்டும். மூன்றாம் தேதி ஒரு செவிலி அழைத்து வர வேண்டாம் என்றாள். அவளும் சம்பளமில்லாமல்தான் வேலை செய்துகொண்டிருந்தாள்; மூன்று முறை மன்னிப்புக் கேட்டாள். அந்த மருந்து பெத்தனியைக் காப்பாற்றியிருக்கும் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. காப்பாற்றியிருக்காது என்றும் சொல்லவில்லை.

இதெல்லாம் பியாசெக்குக்குத் தெரியாது. டெஸ்மண்ட் சொன்னதில்லை.

"தம்பி, இன்னிக்குத்தானே ஓட்டெடுப்பு?"

"ஆமா சார். மூணு மணிக்கு."

"உங்க மேடம் என்ன பண்ணப்போறாங்க?"

"ஆதரிச்சுப் போடுறதா எங்கிட்ட வாக்குக் கொடுத்திருக்காங்க."

கொடுத்துத்தான் இருந்தார். போன வியாழக்கிழமை அவனை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார் விட்காம்ப். அவன் தோளில் கை வைத்தார். யார் தோளிலும் கை வைக்கத் தெரிந்தவர். முடக்கத்தின் முதல் வாரத்திலேயே, சம்பளம் வராத விமான நிலையக் காவலர்களுக்கு சாண்ட்விச் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டவர். எதிர்க்கட்சி ஏதோ ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு, அரசைத் திறக்கும் மசோதாவை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்துவிட்டது என்றார். பெத்தனியைப் பற்றி அவையில் பேச அனுமதி கேட்டார்.

டெஸ்மண்ட் உடனே சரி சொல்லவில்லை. பேசினால் ஆதரித்து வாக்களிக்க வேண்டும் என்றான். ஆறு வருடத்தில் அவன் அவரிடம் நிபந்தனை போட்டது அதுதான் முதல் தடவை. விட்காம்ப் கண் கலங்கினார். நிச்சயம் என்றார்.

பிறகு, "கடைசியா என்ன சொன்னா?" என்று கேட்டார்.

"சொல்லும்படியா ஒண்ணுமில்ல மேடம்."

அன்று மாலையே அவன் இரண்டு பக்கம் எழுதினான். பெயர், வயது, பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தது, சேர வேண்டிய தேதி, இறந்த தேதி. அடைமொழி ஒன்றும் போடவில்லை.

வாக்கெடுப்பின் கணக்கு எளிது. பெரும்பான்மைக் கட்சிக்கு இருநூற்றுப் பத்தொன்பது இடம். எதிர்க்கட்சிக்கு இருநூற்றுப் பதின்மூன்று. இங்கிருந்து நான்கு பேர் அந்தப் பக்கம் போட்டால் மசோதா நிறைவேறும். மூன்று பேர் என்றால் சமம். சமம் என்றால் தோல்வி. மிதவாதிகள் ஐந்து பேர். ஐவருமே அரசைத் திறக்க வேண்டும் என்று தொலைக்காட்சியில் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மணிக்கு டெஸ்மண்ட் அலுவலகத்துத் திரையின் முன் உட்கார்ந்தான். விட்காம்ப் சாம்பல் நிற உடையில் எழுந்தார். தேதிகளை அவன் எழுதியபடியே சரியாகச் சொன்னார். கடைசிப் பத்திக்கு வந்ததும் தாளை மடக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பெத்தனி கடைசியா தன் கணவர்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'அவங்க எல்லாரையும் ஒரே மேசையில உக்காரச் சொல்லு'ன்னா."

இரண்டு பக்கமும் எழுந்து நின்று கைதட்டியது. முடக்கத்தை முப்பது நாளாவது இழுக்க வேண்டும் என்று முந்தின நாள் சொன்ன கட்சித் தலைவர் கைக்குட்டையை எடுத்தார்.

டெஸ்மண்ட் எழுதிய இரண்டு பக்கத்தில் அந்த வரி இல்லை. போகட்டும், வாக்கு விழுந்தால் சரி. டாரியா சீக்கிரமே மருத்துவமனையில் சேர்ந்துவிடலாம்.

வாக்குப் பலகையில் விளக்குகள் எரியத் தொடங்கின. முதல் நிமிடத்திலேயே மிதவாதிகளில் இருவர் எதிர்த்துப் போட்டார்கள். அவன் எழுந்து நின்றான். விட்காம்ப் பெயருக்கு நேரே பச்சை எரிந்தது. மிதவாதிகளில் இன்னும் இருவருக்கும் பச்சை. பிறகு எதுவும் மாறவில்லை. இருநூற்றுப் பதினாறு, இருநூற்றுப் பதினாறு. அவைத்தலைவரின் சுத்தியல் விழுந்தது. மசோதா தோற்றது.

கொஞ்ச நேரத்தில் கர்ட் வந்தான். எதிர்த்துப் போட்ட இருவரில் ஒருவரான ஃபென்னரின் உதவியாளன். அவன் முகம் சிவந்திருந்தது. அவர்கள் அலுவலகத்தில் எல்லாத் தொலைபேசியும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்ததாம்.

"உங்களுக்கு அடிச்சுதுடா யோகம்," என்றான். "இது எங்க ஆளோட முறை. எங்க தொகுதியில ரெண்டாயிரம் பேரு சம்பளமில்லாம உக்காந்திருக்கான்."

டெஸ்மண்டுக்குப் புரியவில்லை. என்ன முறை என்று கேட்டான். உனக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன் என்றான் கர்ட். பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான். இப்படி எப்போது வாக்கெடுப்பு வந்தாலும் கட்சிக் கொறடா ஓர் எண்ணிக்கை சொல்லிவிடுவார். இத்தனை பேர் மாறிப் போட்டால் சேதமில்லை, இத்தனை பேருக்கு அனுமதி. இந்தத் தடவை மூன்று. ஐவரும் காலை உணவின்போது அதைப் பங்கிட்டுக்கொள்வார்கள். யாருக்குத் தொகுதியில் நெருக்கடியோ அவருக்கு முதலில்.

"காலையில மூணாவது இடம் எங்களுக்குத்தான்னு முடிவாகியிருந்துச்சு. உங்க மேடம் முட்கரண்டியக் கீழ வச்சாங்களாம். 'என் ஆபீஸ்லயே ஒரு சாவு விழுந்திருக்கு'ன்னாங்களாம். அதுக்கு மேல எங்க ஆளு என்னடா பேசுவாரு?"

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது கர்ட்டுக்கு உறைத்தது. டையை இழுத்து நேராக்கினான். மன்னிச்சுக்கோடா என்று முணுமுணுத்துவிட்டுப் போனான்.

தொலைபேசி அடித்தது. பியாசெக்.

"பாத்தேன் தம்பி. போச்சு."

"ஆமா சார்."

"உங்க மேடம் ஆதரிச்சுத்தான் போட்டாங்க, இல்ல?"

"போட்டாங்க."

"அந்தப் பொண்ணப் பத்திப் பேசும்போது டாரியா அழுதுட்டா. கட்சியை எதிர்த்து நிக்க ஒரு தைரியம் வேணும். நான் நன்றி சொன்னேன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க. நாளைக்குக் கூப்பிடுறேன்."

டெஸ்மண்ட் ரிசீவரை வைத்தான். காலால் குப்பைத்தொட்டியை ஓரமாகத் தள்ளினான். தொட்டியில் மூன்று வாரக் குப்பை இருந்தது, எடுக்க ஆளில்லை.

நாலரை மணிக்கு விட்காம்ப் திரும்பி வந்தார். முகத்தில் கல்யாண வீட்டிலிருந்து வருகிற களை. அவன் தோளில் கை வைத்தார்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன், டெஸ்."

நான்காவதாக ஒருவர் இல்லையா என்று கேட்டான். விட்காம்ப் கையை எடுத்துக்கொண்டார். கட்சி என்று ஒன்று இருக்கிறது என்றார். கட்சியில் இருந்தால்தானே அடுத்த தடவையும் ஏதாவது செய்ய முடியும் என்றார். நீ ஓய்வெடுக்காமல் சீக்கிரமே வேலைக்கு வந்துவிட்டாய் என்றார்.

"அப்புறம், அந்தக் கடைசி வரி நல்லாப் போய்ச் சேர்ந்திருக்கு. அறிக்கையில தலைப்பாவே போட்டுடு."

"அவ அதைச் சொல்லவே இல்ல மேடம்."

"சொல்லியிருப்பா," என்றார் விட்காம்ப், கனிவாக. "பெத்தனிய எனக்குத் தெரியாதா?"

இரண்டே தடவை பார்த்திருக்கிறார். இரண்டும் கிறிஸ்துமஸ் விருந்தில்.

மறுபடி தொலைபேசி. தொகுதிச் செய்தித்தாளிலிருந்து கிரெட்டா என்ற நிருபர். மறுநாள் முதல் பக்கத்தில் அந்த வரியைப் போடுகிறார்களாம். போடுமுன் அவனிடமே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டுமாம். தன் அனுதாபத்தைச் சொன்னாள். பிறகு, உங்கள் மனைவி கடைசியாகச் சொன்னது அதுதானா என்று கேட்டாள்.

விட்காம்ப் தன் அறை வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆமென்று சொல், என்று தலையாட்டினார்.

"இல்லீங்க," என்றான் டெஸ்மண்ட். "அது எங்க மேடம் சொன்னது."

விட்காம்பின் தலையாட்டல் நின்றது. அவன் அவரைப் பார்த்தபடியே பேசினான். காலை உணவைச் சொன்னான். மூன்று பேருக்குக் கிடைத்த அனுமதியைச் சொன்னான். மூன்றாவது இடம் எப்படிக் கைமாறியது என்பதைக் கேள்விப்பட்ட வார்த்தைகளிலேயே சொன்னான். கர்ட்டின் பெயரை மட்டும் விட்டுவிட்டான். மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. விட்காம்ப் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தட்டும் சத்தம் ஓய்ந்தது. அப்படியானால் உங்கள் மனைவி உண்மையில் என்னதான் சொன்னார் என்று கேட்டாள் கிரெட்டா. விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்றாள்.

இரண்டு வாரத்துக்கு முன், காலை ஏழு மணி. உதட்டை நனைப்பதற்காகச் செவிலி ஆக்சிஜன் முகமூடியை எடுத்திருந்தாள். பெத்தனி ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

"இன்னிக்கு செவ்வாக்கிழமை. காரை எதிர்ப்பக்கம் மாத்தினியா, இல்லையா?"