சுப்பராயலு மேஸ்திரியின் ஒற்றுமைப் பேச்சு

"பெரியப்பா, நாளைக்கு மேடையில எங்கப்பாவுக்கும் ஒரு நாற்காலி போடுங்க."

கேட்டுவிட்டேன். கேட்கவே கூடாது என்று அப்பா நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா மாதா படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கப் பார்த்தாள். நான் கையை நீட்டவில்லை. 'பெரியப்பா' என்று கூப்பிடவும் எனக்குத் தடை. ரங்கூனில் பன்னிரண்டு வயது வரை, படிக்க இங்கே வரும்வரை, அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். திண்டிவனத்தில் அவர் ஐயா.

சுப்பராயலு மேஸ்திரி பேனாவை மூடி வைத்தார். வேர்க்கடலை மூட்டைகள் அடுக்கிய அவருடைய மல்லாட்டை மண்டியின் ஆபீஸ் அறை அது. பக்கத்தில் குமாஸ்தா கண்ணையன், நாளைக் கூட்டத்தில் யார் எங்கே உட்காருவது என்று எழுதிக்கொண்டிருந்தான்.

"எத்தினி நாற்காலி எழுதியிருக்கே?" என்று அவனைக் கேட்டார், நான் பேசியது காதில் விழாத மாதிரி.

"அஞ்சுங்க. சப் கலெக்டர் துரை, தாசில்தாரு, வளவனூர் சம்பந்தி, நீங்க, இங்கிலீஷ்ல படிக்க இந்த அம்மா."

"அவ்ளோதான். அதுக்கு மேல மேடை தாங்காது."

"என்னோடதை எடுத்து அப்பாவுக்குப் போடுங்க. நான் நின்னுக்கினே படிக்கிறேன்."

கண்ணையன் சிரித்தான். "பி.ஏ. படிச்சா நாற்காலி ஆசை வரும்னு தெரியும். அப்பனுக்கும் சேர்த்து வரும்னு இப்பத்தான் பார்க்கிறேன்."

"உங்களைக் கேக்கலை. நீங்க எழுதறதை எழுதுங்க."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு, ஆனி மாசம். ஜப்பான்காரன் குண்டு போட்டதில் ரங்கூனே காலியாகிவிட்டது. அங்கே அரிசி மில்லுக்குக் கூலியாள் சேர்த்துக் கொடுத்துவந்த மேஸ்திரி ஜனவரியிலேயே கப்பலேறி வந்து சேர்ந்தார். அப்பாவுக்குக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. அரிசி மில் லைனில், கூலிகளின் வரிசை வீடுகளில், மிச்சமிருந்த நூற்றுச் சொச்சம் பேரைக் கூட்டிக்கொண்டு காடும் மலையுமாக நடந்தார். அஸ்ஸாம் வந்து ரயிலேறி, வைகாசியில் விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கியபோது அவருடைய வலது முழங்கால் மடங்கவில்லை. இன்னும் மடங்காது. தரையில் உட்கார்ந்தால் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும்.

நாளைக்கு மேஸ்திரிக்கு ஊர் வரவேற்பு. 'பர்மாவில் பல இனத்தாரிடையே ஒற்றுமை வளர்த்த தலைவர்' என்று நோட்டீஸ் அடித்துக் கண்டமங்கலம் வரை ஒட்டியிருக்கிறார்கள். சேரி ஜனங்களுக்குப் பந்தலுக்கு வெளியே தரையில் இடம். அப்பாவுக்கும் அங்கேதான்.

எனக்கு மட்டும் மேடையில் நாற்காலி. ஏனென்றால் மேஸ்திரியின் பேச்சை இங்கிலீஷில் எழுதித் துரைக்குப் படித்துக் காட்ட இந்தத் தாலுகாவில் பர்மா சங்கதி தெரிந்த பி.ஏ. வேறு யாரும் இல்லை. போன வருஷம் பட்டம் வாங்குவதற்கு முன்னால் இந்த அறையின் படியை நான் மிதித்ததில்லை. அப்பா இப்போதும் மிதிக்கவில்லை. வெளியே மூட்டை அடுக்கின்மேல் சாய்ந்து, ஒற்றைக் காலில் பாரம் கொடுத்து நின்றுகொண்டிருந்தார்.

நாற்காலி மட்டுமே விஷயம் என்றால் நான்கூட வாயை மூடிக்கொண்டிருப்பேன். பேச்சின் மூன்றாம் பக்கம்தான் என்னை வாய் திறக்க வைத்தது.

முப்பதாம் வருஷம் ரங்கூன் துறைமுகத்தில் கலவரம். கூலிக்குப் போன தெலுங்கர், தமிழர் எல்லாரையும் பர்மாக்காரர்கள் துரத்தித் துரத்தி வெட்டினார்கள். எங்கள் மில் லைனில் யாரும் கதவைத் திறக்கவில்லை. அப்பாவுக்குப் பர்மா பாஷை நன்றாக வரும். அவர்தான் தனியாகப் போய், அந்தப் பக்கத்துப் பெரியவர் ஊ பா தின் வீட்டு வாசலில் நின்றார். முதல் நாள் கல்லெறிந்தார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் கொடுத்தார்கள். ஏழாம் நாள் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போனார். குழந்தையோடு வருகிறவன் அடிக்க வரவில்லை என்று தெரியட்டும் என்று என்னையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். எனக்குப் பத்து வயது.

பர்மாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சண்டை தீர வேண்டுமென்றால் ஊறவைத்த தேயிலையை எண்ணெய் விட்டுப் பிசைந்து, பூண்டும் எள்ளும் போட்டு, ஒரே தட்டில் கொண்டுவந்து வைப்பார்கள். இரண்டு தரப்பும் அதிலிருந்து எடுத்துத் தின்ன வேண்டும். தின்றால் சண்டை முடிந்தது. தின்னாமல் எழுந்தால் முடியவில்லை.

தட்டு வந்தது. மேஸ்திரியின் கை மடியிலேயே இருந்தது. யார் பிசைந்ததோ, எந்தக் கையோ என்ற யோசனை அவருக்கு. ஊ பா தின்னின் முகம் இறுகுவதை நான் பார்த்தேன். அப்பா சட்டென்று ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றார். "எடுத்துக்கங்கண்ணே, நம்ம புளிச்ச கீரை மாதிரிதான் கீது" என்றார். அதற்கப்புறம்தான் மேஸ்திரி கை நீட்டினார். அப்பா கை வைத்த அதே குவியலிலிருந்து எடுத்தார். அன்று சாயங்காலம் லைனில் கதவுகள் திறந்தன.

மேஸ்திரியின் பேச்சில் இருப்பது இது: 'தயங்கி நின்ற நம்மவர்க்கு வழிகாட்ட நானே முதற்பிடியை எடுத்து உண்டேன்.'

அந்த வரியில் விரலை வைத்துக் காகிதத்தை அவர் பக்கம் திருப்பினேன்.

"இது பொய்."

கண்ணையனின் பேனா நின்றது. மேஸ்திரி அவனைப் பார்த்தார். "வெளிய போயி எடை பார்த்துக்கினு இரு."

அவன் போன பிறகு அவருடைய குரல் மாறிவிட்டது. ரங்கூன் குரல்.

"மேரி, நான் ஒண்ணும் மறக்கலை. உங்கப்பன் மாசிலாமணி இல்லேன்னா அந்த லைனே எரிஞ்சிபோயிருக்கும். ஆனா இங்க எப்படிச் சொல்றது? சேரிக்காரன் கை வெச்ச தட்டுல, அவனுக்கு அப்புறம் நான் தின்னேன்னு அத்தினி ஜனத்துக்கு முன்னாடி சொல்லட்டுமா? வளவனூர்க்காரரு பக்கத்துலயே உக்காந்துக்கினு இருப்பாரு. எம்பொண்ணு ராஜாமணி கல்யாணம் அதோட நின்னுபூடும்."

"பர்மாக்காரன் பிசைஞ்சதைத் தின்னேன்னு சொல்லலாம். அதுக்குக் கை தட்டுவாங்க. எங்கப்பா தொட்டதைத் தின்னேன்னு சொல்லக் கூடாது."

"அது வேற தேசம்மா."

"தின்ன வாயி இதேதானே?"

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் கத்தவில்லை. இருபது வருஷம் ஆட்களைக் கட்டி மேய்த்தவர். எப்போது எதை எடுத்து முன்னால் வைப்பது என்று தெரியும். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"பர்மாவுலேருந்து வந்தவங்களுக்குப் போட்ட விழுப்புரம் கேம்ப்ல நம்ம ஆளுங்களைக் கட்டிக்கினு நடந்து வந்த பர்மாக்காரப் பொண்ணுங்க ஏழெட்டுப் பேரு கீறாங்க. பாஷை தெரியலை. நம்ம பொம்பளைங்க கெணத்தண்ட சேர்க்க மாட்டேங்கறாங்க, தினமும் சண்டை. பர்மா பேசத் தெரிஞ்ச ஒரு சூப்பரின்டெண்டு வேணுமாம். உன் பேரைத்தான் எழுதி வெச்சிருக்கேன். மீட்டிங் முடியட்டும், கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

மீட்டிங் முடியட்டும்.

"நாற்காலி வேணாம்" என்றேன். "அந்த ஒரு வரியை மாத்துங்க. முதல்ல எடுத்தது மாசிலாமணின்னு எழுதுங்க. ஒரு பேருதான்."

"அதான் முடியாதுங்கறேன்."

நான் எழுந்து வாசலுக்குப் போய், "அப்பா, உள்ள வாங்க" என்றேன். அவர் வரவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். படிக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் மடங்காத கால். அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்களே சொல்லுங்க. அன்னிக்கு முதல்ல எடுத்தது யாரு?"

அப்பா மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி மைக்கூட்டைப் பார்த்தார்.

"ஐயா எழுதியிருக்கறதுதாம்மா சரி" என்றார் அப்பா.

"அப்பா!"

"பன்னெண்டு வருசமாச்சி. யாரு எடுத்தா என்ன? சண்டை நின்னுச்சில்ல? ராஜாமணி நீ இடுப்புல தூக்கிக்கினு திரிஞ்ச கொழந்தை. ஒரு பேருக்காவ அவ கல்யாணம் நிக்கணுமா?"

"அவ கல்யாணத்துக்கு உங்களைக் கூப்பிடுவாங்களா? எந்தப் பக்கம் நின்னு பார்ப்பீங்க? பந்தலுக்குப் பின்னாடி, இலை போடற எடத்துலயா?"

வெட்டுக்கு வந்த கும்பலிடம் பேசி அரிவாளைக் கீழே போட வைத்தவர் அப்பா. இந்த ஒரு படியில் நின்று ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. மேஸ்திரியைவிட அவர்மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. அந்த நல்ல மனசை மேஸ்திரி ரங்கூனிலும் உபயோகித்தார், இங்கேயும் உபயோகிக்கிறார். அப்பாவுக்கு அது தெரியும். தெரிந்தேதான் கொடுக்கிறார்.

"மன்னிச்சிக்கங்க ஐயா, சின்னப் பொண்ணு" என்றார் அப்பா.

"எனக்காக மன்னிப்புக் கேக்காதீங்க."

மேசையிலிருந்து இங்கிலீஷ் பக்கங்களை மட்டும் எடுத்தேன். ஆறு பக்கம், என் கையெழுத்து. தமிழ்ப் பேச்சை அவரிடமே விட்டேன்.

"அதை எங்க எடுத்துக்கினு போறே? நாளைக்குத் துரைக்கு யாரு படிக்கிறது?"

"கண்ணையன் படிக்கட்டும்."

"பேஜாரு பண்ணாதே மேரி. இந்தக் கடுதாசி இல்லாம விழுப்புரத்துல உன்னைக் கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க."

"கெணறு கேட்டுக்கு வெளியதான் இருக்கு. போன வாரமே போய்ப் பார்த்துட்டேன். அந்தப் பொண்ணுங்ககிட்டயும் பேசிட்டேன். வர்றேன்னு சொல்லியிருக்கேன்."

அப்போதுதான் அவர் என்னை நேராகப் பார்த்தார். நான் பேரம் பேச வந்தவள் இல்லை என்று அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். துணிமணி மூட்டையைக் காலையிலேயே ஸ்டேஷன் பக்கத்தில் எங்கள் மாதா கோயிலைச் சேர்ந்தவர் வீட்டில் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அவர் வாயிலிருந்து ஒரு 'சரி' வந்திருந்தால் இன்னொரு நாள் தங்கியிருப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

படியில் அப்பா வழியை மறித்து நின்றார். "மேரி, நில்லு. அம்மாகிட்ட நான் என்ன சொல்றது?"

"என்ன நடந்துதோ அதைச் சொல்லுங்க. ஐயா எழுதினதைச் சொல்லாதீங்க."

அவர் நகரவில்லை. நான் பக்கவாட்டில் நுழைந்து வெளியே வந்தேன். மண்டி முற்றத்தில் கண்ணையன் தராசுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா, நாற்காலி கெடச்சிதா?" என்றான். வெயில் மண்டையைப் பிளந்தது. பின்னால் அப்பா இரண்டு தடவை கூப்பிட்டார். விழுப்புரம் வண்டி இரண்டரைக்கு. நான் ஸ்டேஷன் ரோடில் திரும்பினேன்.