நானும் போட்டோவுல இருக்கேன்

செத்தவரை உட்கார வைத்துப் போட்டோ எடுப்பது எங்கள் தெரு வழக்கம். உயிரோடு இருக்கையில் ஒருத்தரும் காசு செலவழித்துப் படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மூச்சு நின்ற பிறகுதான் ஸ்டுடியோ ஆவுடையப்பனுக்கு ஆள் போகும். குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, வெளிச்சத்துக்காக நடுத்தெருவில் வைப்பார்கள். பெண்கள் நாங்கள் உள்ளே ஒப்பாரியில் இருப்போம். என் வீட்டுக்காரர் முத்துவீரனுக்கு மட்டும் தவறாமல் அழைப்பு வரும். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து, "நானும் போட்டோவுல இருக்கேன், பரிபூரணம்" என்பார். அந்த மனுஷனுக்கு அதில் அவ்வளவு பெருமை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரெட்டைக்கிணற்றுத் தெரு என்று ஒன்று இருந்தது என்றால் இன்றைக்கு யாரும் நம்ப மாட்டார்கள். எண்பத்துநாலில் ரோட்டை அகலமாக்க வந்து ஒரு பக்கத்து வீடுகளை இடித்தார்கள். மறுபக்கம் தானாகச் சரிந்தது. கிணறு இரண்டையும் மூடித் தார் போட்டாயிற்று. ராஜபாளையம் பஸ் என் அடுப்படி மேல் ஏறித்தான் போகிறது. நானும் அதிலேதான் போய் வருகிறேன், வேறென்ன செய்ய?

அவருக்கு வெள்ளையடிக்கிற வேலை. ஏணி இல்லாமலே கூரை விளிம்பு வரைக்கும் சுண்ணாம்பு மட்டை எட்டும், அப்படி உயரம். தெருவில் எல்லாச் சுவரும் அவர் கை பட்டதுதான். சுவர்கள் போன மறு வருஷம் அவரும் போனார். செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு பங்களாவுக்கு வெள்ளையடிக்கப் போனவரை, திரும்புகிற வழியில் காட்டாறு இழுத்துக்கொண்டது. கிடைத்தபோது பார்க்கிற மாதிரி இல்லை. தெருவில் அத்தனை பேருக்கும் கிடைத்த நாற்காலியும் போட்டோவும் அவருக்குக் கிடைக்கவில்லை. முகத்தை மூடியே கொண்டுபோனோம். மகள் கோதைக்கு அப்போது ஐந்து வயது.

கல்யாணத்தில் நாங்கள் படம் எடுக்கவில்லை. அந்தக் கால ரேஷன் கார்டில் முகம் கிடையாது. ஓட்டுக் கார்டுக்கு முகம் பிடிக்க ஆள் வந்தபோது அவர் இல்லை. போன வருஷம் கோதைக்கு மாப்பிள்ளை அமைந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "தாலி ஏறுறதுக்கு முன்ன அப்பா படத்துக்கு முன்னால விழுந்து கும்பிடணும்மா."

ராஜபாளையத்தில் படம் வரைகிற மலைச்சாமியிடம் போனேன். "மூஞ்சி நகத்தளவு இருந்தாப் போதும்க்கா. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றான். எனக்கென்ன கவலை என்று நினைத்தேன். தெருவில் செத்த அத்தனை பேர் படத்திலும் இருக்கிறாரே!

தெருக்காரர்கள் இப்போது மூலைக்கு ஒருவராய்க் கிடக்கிறார்கள். முதலில் வைகுண்டராஜ் அண்ணாச்சி வீடு. அவர் அப்பா செத்தபோது எடுத்த படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். நாற்காலியில் பெரியவர். பின்னால் ஒரே வெள்ளை. தெருவையும் காணோம், இவரையும் காணோம்.

"இவிய எங்க, அண்ணாச்சி?"

"பின்னால வேட்டி தெரியுதுல்லா? அதப் பிடிச்சிக்கிட்டு நிக்கது யாருன்னு நெனச்ச?"

வெள்ளையின் மேல் ஓரத்தைப் பார்த்தேன். இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல். சுண்ணாம்பு தின்ற நகங்கள். அவருடையவைதான்.

மகாராஜபுரத்தில் மாரிசாமி வீட்டுக்குப் போனேன். கான்சாபுரத்துக்கும் போனேன். செத்தவர்கள்தான் மாறினார்கள். வேட்டியும் விரலும் மாறவில்லை. கடைசியில் ஆவுடையப்பனிடமே போய் நின்றேன். கண் மங்கி ஸ்டுடியோவை மகனிடம் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"பின்னால சொவரும் சாக்கடையுமாத் தெரிஞ்சா படம் எடுப்பா இருக்காதும்மா. அதான் வேட்டி. மத்தவங்கன்னா ரெண்டு பேரு பிடிக்கணும். அவிய ஒத்த ஆளே போதும், கை அம்புட்டு நீளம்."

ஓரத்தை வெட்டாத படம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கெஞ்சினேன். பழைய டப்பாவைக் கிளறி ஒரு பிலிம் எடுத்து, மகனை விட்டுப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தார். வேட்டிக்கு இரண்டு பக்கமும் என் தெரு! கிணறு, விளக்குக் கம்பம், என் வீட்டு நிலை, அதில் காயப்போட்ட என் சேலை கூட இருந்தது. நடுவில் வேட்டி. மேலே விரல்கள், கீழே அவர் பாதம். முகம் இல்லை.

"இம்புட்டு உயரமான மனுசன், தல தெரிஞ்சிருக்குமேய்யா?"

"தெரியும். 'அண்ணே, தல தெரியுது'ன்னு ஒரு சத்தம் குடுப்பேன். ஒடனே குனிஞ்சிருவாக. தங்கமான மனுசன்."

தங்கமான மனுஷன்! வீட்டில் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் வாங்காதவர், கேமராக்காரன் சொன்னதும் குனிந்திருக்கிறார். பாவி மனுஷா, ஒரு தடவை நிமிர்ந்திருக்கக் கூடாதா? திட்டவும் எனக்கு ஆள் இல்லையே என்று அந்த ஸ்டுடியோ வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மலைச்சாமி விடவில்லை. "நீங்க அடையாளம் சொல்லுங்க, நான் வரையுதேன்" என்றான். சொன்னேன். முதலில் வந்த முகத்தில் மூக்கு கூர்மையாக இருந்தது. அழித்தான். அடுத்தது யாரோ கட்சிக்காரர் மாதிரி சிரித்தது. அதற்கடுத்தது என் தம்பி சாடை. புருவத்தைச் சொன்னேன், தாடையைச் சொன்னேன். ஒவ்வொரு முகமும் நான்தானா என்று என்னைப் பார்த்தது. சில நாளில், படுத்தால் அந்த முகங்கள்தான் வரிசையாக வந்தன. அவர் வரவில்லை. பயந்துபோய், "போதும்ப்பா, விட்டுரு" என்றேன்.

பிறகு அந்தப் பெரிய போட்டோவைப் பார்த்துத் தெருவையே வரைந்து கொடுத்தான். செத்தவரையும் நாற்காலியையும் எடுத்துவிட்டான். வேட்டியை எடுக்க அவனுக்கு வழியில்லை. அதன் பின்னால் போட முகம் வேண்டுமே. பாதங்களை மட்டும் வெடிப்போடு அப்படியே வரைந்திருந்தான்.

தை மாதம் கல்யாணம். படத்துக்கு மாலை போட்டுச் சுவரில் சாய்த்து வைத்தோம். தெருக்காரர்கள் வந்து, இது என் வீடு, அது உன் கிணறு என்று விரலால் தொட்டுத் தொட்டு மூக்கைச் சிந்தினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அவரவருக்கு வீடு கிடைத்துவிட்டது.

கோதை அந்தப் பாதத்தில் விழுந்து கும்பிட்டாள். எழுந்து, கண்ணைத் துடைத்தபடி என் காதோரம் குனிந்தாள்.

"வேட்டிக்குப் பின்னால அப்பா மூஞ்சி எப்படிம்மா இருக்கும்?"

சொல்ல வாயைத் திறந்தேன். கண்ணை மூடிப் பார்த்தேன். எனக்கும் வேட்டிதான் தெரிந்தது.